சிலிண்டர் கட்டிச் சுழியோடக் கற்பவர்களுக்கு வாயு விதிகள்: திருகோணமலைக் கடலில் இறங்குமுன் செய்ய வேண்டியவை

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ சிலிண்டர் கட்டிச் சுழியோடக் கற்கப் போகிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. நான் கற்றபோது பாடநூலும் படிவங்களும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. கணக்குகளில் பாதி அடியிலும் இறாத்தலிலும் தரப்பட்டிருந்தன. பயிற்றுநர் சொன்ன ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் பின்னால் எந்த விதி இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அதற்குள் பயிற்சியின் பெரும்பகுதி கடந்துவிட்டது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குக்கூட வாயுக்கள் பற்றிய அந்தப் பாட அலகு கடற்கரையில் நினைவுக்கு வருவதில்லை. பரீட்சைக் கணக்கு “ஒரு பாத்திரத்தினுள் உள்ள இலட்சிய வாயு” என்று தொடங்கும், கடலிலோ அந்தப் பாத்திரம் உங்கள் நுரையீரல்.

இதைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்றுநர் இல்லாமல் யாரும் இதை வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. பயிற்சிக்குப் போவதற்கு முன், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கீழுள்ள கணக்குகளை நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். அப்படிச் செய்துவிட்டுப் போகிறவர் தண்ணீருக்குள் எதையும் மனப்பாடமாகச் செய்யமாட்டார், காரணம் தெரிந்து செய்வார்.

1. காலத்தை முதலில் தீர்மானியுங்கள்

கிழக்குக் கடல் பொதுவாக மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். வாடை பிடித்த பிறகு, அதாவது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, கடல் கொந்தளிப்பாகவும் தண்ணீர் கலங்கலாகவும் இருப்பதால் பல பயிற்சி நிலையங்கள் இயங்குவதில்லை. ஆரம்பநிலைப் பயிற்சி வழக்கமாக மூன்று அல்லது நான்கு நாட்களில் முடியும். ஆனாலும், காது அடைத்துக்கொண்டாலோ கடல் ஒரு நாள் ஒத்துழைக்காவிட்டாலோ அவசரப்படாமல் இருப்பதற்கு, கையில் மேலும் இரண்டு நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் கடைசி நாளைத் தண்ணீரில் இறங்காத நாளாக ஒதுக்க வேண்டும். அதன் காரணம் பத்தாவது படியில் வருகிறது.

2. ஆவணங்களை இரண்டு வாரத்துக்கு முன்பே தயார் செய்யுங்கள்

தேவைப்படுபவை அதிகமில்லை: தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, உடல்நல வினாப் படிவம், பொறுப்பேற்புப் படிவம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதம். இவற்றுள் உங்களை உண்மையில் தாமதப்படுத்துவது உடல்நல வினாப் படிவம்தான். அதில் தொய்வு, காதுச் சத்திரசிகிச்சை, இருதய நோய், வலிப்பு, நீரிழிவு, நுரையீரல் சரிவு, கர்ப்பம் முதலியவை பற்றிய கேள்விகள் வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு “ஆம்” என்று விடையளித்தால், வைத்தியர் ஒருவர் பரிசோதித்து ஒப்பமிட்ட பிறகே பயிற்சியில் சேர முடியும்.

இங்கேதான் முதலாவது பொறி இருக்கிறது. வைத்தியரிடம் போகும் அலைச்சலுக்கும் செலவுக்கும் பயந்து எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொய்வு உள்ளவரின் சுவாசச் சிறுகுழாய்கள் சுருங்கும்போது நுரையீரலின் ஒரு மூலையில் காற்று அகப்பட்டுக்கொள்ளலாம். மேலே ஏறும்போது அந்தக் காற்று விரியும், வெளியேற வழி இல்லாவிட்டால் திசுவைக் கிழிக்கும். அந்தக் கேள்வி படிவத்தில் இருப்பதற்கு ஐந்தாவது படியில் வரும் பொயிலின் விதியே காரணம்.

படிவத்தை நிலையத்திலிருந்து முன்கூட்டியே பெற்று, மருத்துவச் சொற்கள் விளங்காவிட்டால் தெரிந்த ஒருவரோடு இருந்து நிரப்புங்கள். சுழியோடுதல் தொடர்பான பரிசோதனையை எல்லா வைத்தியர்களும் அடிக்கடி செய்வதில்லை. எனவே படிவத்தோடு வரும், வைத்தியருக்கான வழிகாட்டல் பக்கங்களையும் அச்சிட்டுக் கொண்டுபோனால் ஒரே சந்திப்பில் காரியம் முடியும்.

நீச்சலும் ஓர் ஆவணம் போலத்தான் பார்க்கப்படும். பொதுவான நிபந்தனை, நிற்காமல் 200 மீற்றர் நீந்துவதும் பத்து நிமிடம் மிதந்துகொண்டிருப்பதும் ஆகும். வேகம் கேட்கப்படுவதில்லை.

3. கட்டணத்தில் எவை அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்

கட்டணங்கள் பருவத்துக்கும் நிலையத்துக்கும் ஏற்ப மாறுவதாலும், பல இடங்களில் டொலரில் சொல்லப்படுவதாலும், தொகை ஒன்றை இங்கே எழுதி உங்களைத் திசைதிருப்ப நான் விரும்பவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. உள்நாட்டவருக்கு ரூபாயில் தனிக் கட்டணம் உண்டா? பாடநூலும், பயிற்சி முடிந்தபின் சான்றட்டைக்கான பதிவும் அதில் அடங்குமா? உபகரண வாடகை, படகு, சிலிண்டர் நிரப்பல் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளனவா? நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைக்குப் போவதாக இருந்தால், அது தேசிய பூங்கா என்பதால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டை யார் வாங்குவது? காது அடைப்பால் ஒரு நாள் இறங்க முடியாமல் போனால், அந்த நாளுக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பணம் போய்விடுமே என்ற எண்ணத்தில் வலிக்கும் காதோடு இறங்குகிறவர்களைக் காணும்போது, கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான் என்றே நினைக்கிறேன்.

உபகரணம் வாங்க விரும்பினால் முகக்கண்ணாடி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது முகத்துக்குப் பொருந்த வேண்டிய பொருள். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம்.

4. ஆழத்தை அமுக்கமாக மாற்றப் பழகுங்கள்

எல்லாக் கணக்குகளுக்கும் இதுதான் வாசல். கடல் மட்டத்தில் வளிமண்டலம் நம்மை ஏறத்தாழ 1 பார் அமுக்கத்தில் அழுத்துகிறது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ இன்னொரு பார் கூடுகிறது. ஆகவே ஆழத்தை 10 ஆல் வகுத்து, வரும் எண்ணோடு 1 ஐக் கூட்டினால் அந்த ஆழத்திலுள்ள முழு அமுக்கம் கிடைக்கும். 5 மீற்றரில் 1.5 பார், 10 மீற்றரில் 2 பார், 18 மீற்றரில் 2.8 பார். ஆரம்பநிலைச் சான்றட்டை பெற்றவருக்கு அனுமதிக்கப்படும் ஆழம் வழக்கமாக 18 மீற்றர் என்பதால், அந்த 2.8 என்ற எண்ணை இந்தக் கட்டுரையில் பல தடவை சந்திப்பீர்கள்.

பலர் தவறும் இடம் அந்த 1 ஐக் கூட்ட மறப்பது. வாயு விதிகள் எப்போதும் முழு அமுக்கத்தைக் கேட்கின்றன, தண்ணீரின் அமுக்கத்தை மட்டும் வைத்துக் கணித்தால் விடை முற்றாகப் பிழைக்கும். சிலிண்டரின் அமுக்கமானியோ வெளிக்காற்றை 0 ஆகக் கொண்டு காட்டுகிறது. 200 பாரில் அந்த 1 பார் வித்தியாசம் பொருட்டல்ல, ஆழக் கணக்கிலோ அது பாதி விடையாக இருக்கலாம்.

திருகோணமலையில் இதற்கு ஒரு சிறப்புக் காரணமும் உண்டு. இங்கே துறைமுக விரிகுடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் பாறைச் சுவரை ஒட்டிச் சுழியோடும்போது, சில துடுப்பசைவுகளிலேயே கூடிய ஆழத்துக்குப் போய்விட இடமுண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை வைத்து ஆழத்தை மதிக்காதீர்கள், ஆழமானியைப் பாருங்கள்.

5. பொயிலின் விதியை உங்கள் உடம்பில் பொருத்திப் பாருங்கள்

வெப்பநிலை மாறாதிருக்கையில், குறித்த அளவு வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாது. அமுக்கம் இருமடங்கானால் கனவளவு பாதியாகும். விதி இவ்வளவுதான்.

எங்கள் பயிற்றுநர் இதைக் காட்டிய விதம் மறக்க முடியாதது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வெறுமையாக்கி, மூடியை இறுக்கி, கையில் பிடித்தபடி இறங்கினார். மூன்று மீற்றரிலேயே அதன் பக்கங்கள் உட்குழிந்தன. பத்து மீற்றரில் உடல் தட்டையாகி, லேபல் மடிந்து, மூடிக்குக் கீழுள்ள தடித்த கழுத்து மட்டும் உருண்டையாக எஞ்சியது. பிறகு அங்கேயே மூடியைத் திறந்து, போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேற்றரிலிருந்து வந்த காற்றால் நிரப்பி, மீண்டும் இறுக்கி மூடினார். ஏறி வரும்போது ஐந்தாறு மீற்றரில் அதை என் கையில் தந்தார். விரலால் அமுக்கினால் சற்றும் அமுங்கவில்லை. மேற்பரப்புக்கு வந்து மூடியை இலேசாகத் திருகியதும் காற்றுச் சீறிக்கொண்டு வெளியேறியது. பத்து மீற்றரில் அடைத்த அரை லீற்றர் காற்று, மேலே ஒரு லீற்றர் இடம் கேட்டது.

அந்தப் போத்தலின் இடத்தில் நுரையீரலை வையுங்கள். பத்து மீற்றரில் சிலிண்டரிலிருந்து ஆறு லீற்றர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று பன்னிரண்டு லீற்றராக விரிய முயலும். நுரையீரல் அந்த அளவுக்கு விரியாது, கிழியும். சிலிண்டர் கட்டியவர் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது என்பது பயிற்சியின் முதலாவது விதியாக இருப்பது இதனால்தான். ரெகுலேற்றர் வாயில் இல்லாத கணத்தில்கூட, சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லித் தருவார்கள்.

கரையோரத்தில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே மூச்சடக்கிச் சுழியோடிப் பழகியவருக்கு, தண்ணீருக்குள் மூச்சை அடக்குவது இயல்பாகவே வந்துவிடும். அவர் அப்போது மேற்பரப்பில் இழுத்த காற்றோடுதான் கீழே போனார். போகும்போது அது சுருங்கியது, வரும்போது பழைய அளவுக்குத் திரும்பியது, அதற்கு மேல் விரியவில்லை. சிலிண்டரோ அந்தந்த ஆழத்தின் அமுக்கத்திலேயே நுரையீரலை முழுதாக நிரப்புகிறது. எனவே நன்றாக மூச்சடக்கத் தெரிந்தவரே இங்கே அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியவராகிறார். பயிற்றுநரிடம் முதல் நாளே உங்கள் பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஆழம் குறைந்த இடம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை விடுங்கள். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு வரும்போது காற்று ஏறத்தாழ 1.33 மடங்காகவும், 20 இலிருந்து 10 க்கு வரும்போது 1.5 மடங்காகவும், 10 இலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது 2 மடங்காகவும் விரிகிறது. கடைசிப் பத்து மீற்றரே மிகப் பெரிய மாற்றத்தைத் தருகிறது. மூன்று மீற்றர் ஆழமுள்ள நீச்சல் தடாகத்தில்கூட, நிறைந்த மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவது ஆபத்தானது.

இறங்கும்போது இதே விதி காதில் வேலை செய்கிறது. நடுக்காதிலுள்ள காற்று சுருங்குவதால் செவிப்பறை உட்புறமாக இழுபடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அதைச் சமன் செய்ய வேண்டும். வலி தொடங்கிய பிறகு சமன் செய்ய முயல்வது பிந்திய வேலை, வலிக்கு முன்பே ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு தடவை செய்துகொள்ளுங்கள். சமனாகாவிட்டால் ஒரு மீற்றர் மேலே வந்து மீண்டும் முயலுங்கள், பலமாக ஊதாதீர்கள். தடிமன் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசமானது. மாத்திரையின் பலன் தண்ணீருக்குள் இருக்கும்போதே குறைந்துவிட்டால், உள்ளே போன காற்று ஏறும்போது வெளியேற வழியின்றி விரியும்.

மிதவை அங்கியையும் மறக்க வேண்டாம். அதற்குள் நீங்கள் விட்ட காற்றும் ஏறும்போது விரியும், விரிந்தால் மிதப்பு கூடும், மிதப்புக் கூடினால் ஏறும் வேகம் கூடும், வேகம் கூடினால் காற்று இன்னும் விரைவாக விரியும். ஏறத் தொடங்கியதுமே அங்கியின் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றிக்கொண்டு வருவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

6. இறங்குமுன் காற்றுக் கணக்கைக் கொப்பியில் செய்யுங்கள்

பரவலாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டரின் உட்கனவளவு 11.1 லீற்றர். அதை 200 பாருக்கு நிரப்பினால், பொயிலின் விதிப்படி மேற்பரப்பில் ஏறத்தாழ 2220 லீற்றர் காற்றுக்குச் சமம். உண்மையில் சில சதவீதம் குறைவாகவே இருக்கும். 200 பாரில் மூலக்கூறுகள் நெருக்கப்படும்போது அவற்றின் சொந்தப் பருமன் புறக்கணிக்கத்தக்கதல்ல, காற்று இலட்சிய வாயுவின் நடத்தையிலிருந்து விலகுகிறது. உயர்தரத்தில் வந்தர்வாலின் சமன்பாட்டைப் படித்தவர்களுக்கு, அது எங்கே பயன்படும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதில் 50 பாரைத் தொடாத இருப்பாக ஒதுக்குங்கள். எஞ்சும் 150 பார் 1665 லீற்றர் ஆகும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை நீங்கள் சுவாசிப்பதாகக் கொண்டால், 10 மீற்றரில் 40 லீற்றர், 18 மீற்றரில் 56 லீற்றர் செலவாகும். 1665 ஐ இவற்றால் வகுத்தால், 10 மீற்றரில் ஏறத்தாழ 41 நிமிடமும் 18 மீற்றரில் 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். ஒரே சிலிண்டர், ஒரே ஆள், ஆழம் மட்டுமே வேறு.

அந்த 20 என்ற எண் உங்களுடையதாக இருக்காது. புதியவர்கள் பதற்றத்தில் கூடுதலாகச் சுவாசிப்பார்கள். முதல் சுழியோட்டம் முடிந்ததும் உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். 190 பாரில் தொடங்கி 80 பாரில் முடித்தீர்கள், சராசரி ஆழம் 9 மீற்றர், நேரம் 30 நிமிடம் என்று வையுங்கள். செலவானது 110 பார், அதை 11.1 ஆல் பெருக்க 1221 லீற்றர். 30 ஆல் வகுக்க நிமிடத்துக்கு 40.7. அதை 1.9 பாரால் வகுக்க 21.4 லீற்றர். இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுதி வந்தால், எண் இறங்குவதைப் பார்ப்பீர்கள். அதைவிடத் தெளிவான முன்னேற்ற அளவுகோல் எனக்குத் தெரியாது.

படகில் ஏறுமுன் ஒரு சோதனை: அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேற்றரில் நான்கைந்து தடவை ஆழமாகச் சுவாசியுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழும்பினால், சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். மேற்பரப்பில் சமாளிக்கக்கூடிய அந்தக் குறை, 2.8 மடங்கு காற்றுத் தேவைப்படும் ஆழத்தில் மூச்சுத் திணறலாகும்.

7. வெயிலையும் வெப்பநிலையையும் கணக்கில் எடுங்கள்

கனவளவு மாறாத சிலிண்டருக்குள், அமுக்கம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகித சமமானது. காற்றை அமுக்கி நிரப்பும் கொம்பிரசரிலிருந்து இப்போதுதான் இறக்கிய சிலிண்டர் 50 பாகை செல்சியஸ் சூட்டில் 200 பார் காட்டுகிறது என்போம். அது கடல்நீரில் 28 பாகைக்குக் குளிர்ந்ததும், 200 ஐ 301 ஆல் பெருக்கி 323 ஆல் வகுத்தால், ஏறத்தாழ 186 பார் வரும். எங்கும் கசிவு இல்லை, யாரும் உங்களை ஏமாற்றவும் இல்லை. ஆறாவது படியின் கணக்கை, சிலிண்டர் ஆறிய பிறகு காட்டும் அளவைக்கொண்டே செய்யுங்கள். செல்சியஸ் எண்களை அப்படியே போட்டால் 112 பார் என்று வரும். 273 ஐக் கூட்ட மறந்தால் விடை எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு அது போதும்.

மறுபக்கமும் உண்டு. 30 பாகையில் 200 பார் இருந்த சிலிண்டர், வெயிலில் கிடந்து 60 பாகைக்குச் சூடானால் 220 பாருக்கு அருகில் போகும். முச்சக்கர வண்டியிலோ படகின் முன்தட்டிலோ வெறும் வெயிலில் சிலிண்டரை விடாதீர்கள், ஈரச் சாக்கையாவது மேலே போடுங்கள். சிலிண்டரின் கழுத்தில் அமுக்கச் சோதனைத் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பல நாடுகளில் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை அந்தச் சோதனை செய்யப்படுகிறது. திகதியைப் பார்த்துக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

8. பகுதியமுக்கத்தைத் தெரிந்துகொண்டு காற்றை மோந்து பாருங்கள்

தாற்றனின் விதிப்படி, கலவையொன்றிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தனித்தனியாகத் தன் பங்குக்கு அமுக்கத்தைத் தருகிறது. காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம், மீதி பெரும்பாலும் நைதரசன். 18 மீற்றரில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 2.8 ஐ 0.21 ஆல் பெருக்க 0.59 பார், நைதரசனுடையது 2.2 பார். சதவீதம் மாறவில்லை, உடம்பு உணர்வதோ சதவீதத்தையல்ல, பகுதியமுக்கத்தை.

நல்ல காற்றுக்குச் சரியான இந்தக் கணக்கு, கெட்ட காற்றுக்கும் சரியானதே. கொம்பிரசரின் உறிஞ்சுகுழாய் இயந்திரப் புகைக்கு அருகில் இருந்து, சிறிதளவு காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போய்விட்டால், மேற்பரப்பில் தெரியாத அந்த அளவு 18 மீற்றரில் 2.8 மடங்கு பகுதியமுக்கத்தோடு இரத்தத்தில் கலக்கும். அந்த வாயுவுக்கு மணமில்லை. ஆனாலும் அதோடு வரும் எண்ணெய்ப் புகைக்கு மணமுண்டு. வாயில் எண்ணெய்ச் சுவையோ புகை நாற்றமோ தெரிந்தால், அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். மணம் இல்லை என்பதற்காக மட்டும் காற்று நல்லது என்று தீர்மானிக்கவும் வேண்டாம். கொம்பிரசர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சிலர் சிலிண்டரை “ஒட்சிசன் சிலிண்டர்” என்று சொல்வார்கள். அதில் இருப்பது சாதாரணக் காற்று. ஒட்சிசனின் பகுதியமுக்கம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது சுழியோடிகளின் பொது எல்லை. தூய ஒட்சிசன் என்றால் அந்த எல்லை நான்கு மீற்றரிலேயே வந்துவிடும், அதற்குக் கீழே வலிப்பு ஏற்படும் அபாயம் உண்டு. ஆகவே யாராவது கைத்தொழிலுக்கான ஒட்சிசனை நிரப்பித் தர முன்வந்தால், எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம்.

9. மெதுவாக ஏறுங்கள்

ஹென்றியின் விதி, ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் பகுதியமுக்கத்துக்கு விகிதசமமானது என்கிறது. கீழே இருக்கும் நேரம் முழுவதும் நைதரசன் உங்கள் இரத்தத்திலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரைந்துகொண்டிருக்கிறது. ஏறும்போது அது வெளியேற வேண்டும், விரைந்து ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் பொங்கும், மூடியைத் தளர்த்திக் காத்திருந்தால் அடங்கி வெளியேறும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்பது அந்த இரண்டாவது வழி.

ஒதுக்கி வைத்த 50 பார் இதற்கும் சேர்த்துத்தான். காற்று முடியப் போகிறது என்று அவசரமாக ஏறுகிறவர் ஐந்தாவது படியையும் இந்தப் படியையும் ஒன்றாக மீறுகிறார்.

சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு போகும் தொழிலாளர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தொழிலுக்குக் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடித்து, ஒவ்வொரு தடவையும் விரைந்து ஏறினால், முதல் தடவை கரைந்த நைதரசன் வெளியேறுமுன் அடுத்தது சேர்கிறது. மாலையில் மூட்டில் வரும் வலியைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டு மறுநாளும் இறங்குவது, கால்களை முடமாக்கக்கூடியது.

10. வீடு திரும்பும் நேரத்தைத் திட்டமிடுங்கள்

கரைக்கு வந்த பிறகும் நைதரசன் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை அல்லது பல நாட்கள் சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலமும் கழிந்த பிறகே விமானத்தில் ஏறலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, கடைசி நாள் காலையில் ஒரு தடவை இறங்கிவிட்டு இரவு கட்டுநாயக்கவில் விமானம் ஏறத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலாம் படியில் ஒதுக்கச் சொன்ன நாள் இதற்குத்தான்.

விமானத்தை நினைக்கிறவர்கள் மலையை மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 0.8 பார் மட்டுமே. திருகோணமலையில் காலையில் சுழியோடிவிட்டு மாலையில் வாகனத்தில் மலைநாட்டுக்குப் போகிறவர், விமானத்தில் ஏறுகிறவரைப் போன்ற அமுக்க வீழ்ச்சியையே சந்திக்கிறார், அதே மணித்தியாலங்களைக் காத்திருக்க வேண்டும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்குப் போகும் வீதி அவ்வளவு உயரம் ஏறுவதில்லை.

இறங்கியதிலிருந்து ஒரு நாளுக்குள் மூட்டு வலி, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, கை கால் மரத்தல், தலைச்சுற்று, சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் எது வந்தாலும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். வலியைக் குறைப்பதற்காக மீண்டும் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். நோயாளியைப் படுக்க வைத்து, பயிற்சி நிலையத்திலுள்ள அவசர ஒட்சிசனைக் கொடுத்தபடி 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அமுக்க அறைச் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள் என்பதைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே நிலையத்தாரிடம் கேட்டுப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, சிலிண்டரோடு சுழியோடினேன் என்பது. அதோடு எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை தடவை, கடைசியாக எத்தனை மணிக்கு மேலே வந்தீர்கள் என்பவை அந்தப் பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.